கில்டு க்வில்ட்டில் சுங்குடிச் சேலை: என் பிளாக்கை ஒதுக்கி வைத்தது சரியா?

வைகைக்கரை
எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பகுதியில் படிப்பதோடு சரி, எழுதினதில்லை. இன்னைக்கு மனசு ஆறவில்லை.

ஒஹையோவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன செப்டம்பரில் நூலகத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து இங்கே உள்ள மாடர்ன் க்வில்ட் கில்டில் சேர்ந்தேன். துண்டுத் துணிகளை ஒட்டி அடுக்கித் தைக்கிற போர்வைதான் க்வில்ட், அதைத் தைப்பவர்களின் சங்கம் கில்டு. மாசத்தில் இரண்டாவது வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டம். நாலாவது சனிக்கிழமை ஒரு சர்ச் ஹாலில் பகல் முழுக்கத் தையல், அவரவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வழக்கமாக இருபத்தைந்து பேர் வருவார்கள். நம்மூர் ஆள் நான் ஒருத்திதான். இதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

இப்போது ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்காக எல்லாரும் ஆளுக்கு ஒரு பிளாக், அதாவது க்வில்ட்டில் சேர்க்கிற ஒரு சதுரம், தைத்துக் கொடுக்கிறோம். பன்னிரண்டரை அங்குலச் சதுரம். கடுகு மஞ்சள், நீலம், மெரூன், வெள்ளை, இந்த நாலு நிறத்துக்குள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். எங்க அம்மாச்சியின் மெரூன் சுங்குடிச் சேலை ஒன்று என்னிடம் இருக்கிறது. முந்தி கிழிந்துவிட்டது, உடல் நன்றாக இருக்கிறது. அதிலிருந்து வெட்டி, கோணல்மாணலாக ஒரு நட்சத்திரம் தைத்தேன். புள்ளி புள்ளியாக அவ்வளவு அழகாக வந்தது. இரண்டு ராத்திரி வேலை.

சேவை க்வில்ட்டுக்குப் பொறுப்பான அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகு, ஆனால் ஆஸ்பத்திரி க்வில்ட்டுக்கு க்வில்ட்டிங் காட்டன், அதாவது க்வில்ட்டுக்கென்றே வருகிற பருத்தித் துணி, மட்டும்தான் எடுக்கிறோம்" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். காருக்குள் வந்து உட்கார்ந்தபிறகுதான் அழுகை வந்தது.

இது நிஜமான விதியா, இல்லை நம்ம துணி என்பதால் சொன்னதா? அடுத்த மாசம் போவதா வேண்டாமா என்றே யோசனையாக இருக்கிறது.

சும்மா_ஒருத்தன்
தப்பா நினைக்காதீங்க. முழுசா இருக்கிற துணியைக் காசு கொடுத்து வாங்கி, துண்டு துண்டா வெட்டி, மறுபடி ஒட்டுப்போட்டுத் தைச்சு போர்வை ஆக்குறதுக்கு ஒரு சங்கம், அதுக்கு ஒரு சந்தா, அதுல ஒரு மனஸ்தாபம். என் பொண்டாட்டி இதைப் படிச்சிட்டு முறைக்கிறா, நான் கிளம்புறேன்.

கொங்குத்தையல்
வைகைக்கரை, மொதல்ல தண்ணி குடிச்சுட்டு உக்காருங்க. நான் நியூஜெர்சியில ஒன்பது வருஷமா கில்டுல இருக்கேனுங்க. ரெண்டு வருஷம் இதே சேவைக் குழுவுக்குப் பொறுப்பாவும் இருந்தேன். அந்தம்மா இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனா நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்க மாட்டேன்.

குழந்தைகளுக்குப் போற க்வில்ட்டுன்னா சுத்தப் பருத்தியா இருக்கணும், சுடுதண்ணியில மெஷின்ல போட்டாத் தாங்கணும், மணி, பொத்தான், ஜரிகை ஒண்ணும் இருக்கக்கூடாது. ஒரு பிளாக்குல சாயம் போச்சுன்னா மத்த பத்தொம்பது பேர் உழைப்பும் சேர்ந்து போச்சு. ஒரு தடவை எங்க குழுவுல ஒருத்தர் துவைக்காத சிவப்பு பாட்டிக் துணியில தைச்சுக் கொடுத்தாங்க. நாங்க கேக்காம வாங்கிட்டோம். முழுசா க்வில்ட் பண்ணி, ஓரத்துப் பட்டி (பைண்டிங்) கையில தைச்சு முடிச்சு, கொடுக்கறதுக்கு முன்னாடி துவைச்சா வெள்ளை பூராவும் ரோஸ். அது நம்மூர்த் துணி இல்லீங்க, கடையில வாங்கினதுதான். அன்னைலிருந்து நாங்களும் விதியைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டோம்.

அதனால துணியை வெச்சு ஆளை எடை போட்டாங்கன்னு இப்பவே முடிவு கட்டாதீங்க. காரணம் கேட்டீங்களா?

வைகைக்கரை
கேட்கவில்லை. அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

ஆனால் ஒன்று. அது முப்பது வருஷச் சேலை. எத்தனை தடவை துவைத்திருப்போம்! போக வேண்டிய சாயம் எப்போதோ போயிருக்காதா?

தறிச்சத்தம்
நான் ஈரோடு. சாயப்பட்டறையிலும் பிராசஸிங்கிலும் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். மகள் வீட்டுக்காரர் மூலம் இந்த இழை கண்ணில் பட்டது. க்வில்ட் எனக்குத் தெரியாது, துணி தெரியும்.

அம்மா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. புதுச் சேலையைவிடப் பழைய சேலை ஒருவகையில் நம்பகமானது. புதுப் பருத்தித் துணி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பங்கு வரை சுருங்கலாம், பழையது சுருங்கி முடிந்திருக்கும். கஞ்சியும் போயிருக்கும். ஆனால் முப்பது வருஷமும் அம்மாச்சி அதை எதில் துவைத்தார்? பச்சைத் தண்ணீரில், சோப்பு போட்டு, கையால் கசக்கி, நிழலில் உலர்த்தி. பச்சைத் தண்ணீரில் அசையாத சாயம், கொதிக்கிற தண்ணீரும் பவுடரும் சேர்ந்தால் கிளம்பலாம். இழையோடு பிணையாமல் மேலே தங்கியிருக்கும் சாயத்தைச் சூடுதான் இளக்கும். எந்தச் சாயம் போட்டார்கள் என்று சேலையைப் பார்த்துச் சொல்ல என்னாலும் ஆகாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை வெட்டி, வெள்ளைப் பருத்தித் துணிக்குள் வைத்துச் சுருட்டி நூலால் கட்டுங்கள். கை பொறுக்காத சூட்டில் தண்ணீர், கொஞ்சம் சலவைத்தூள், அரை மணி நேரம். பிரித்து அப்படியே ஈரத்தோடு அழுத்தி உலரவிடுங்கள். வெள்ளையில் கறை இருந்தால் அந்தத் துணி ஆஸ்பத்திரிக்கு ஆகாது. உப்பு போட்டால், வினிகர் ஊற்றினால் சாயம் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏற்கெனவே ஏற்றிய பருத்திச் சாயத்தை அது ஒன்றும் செய்யாது.

இன்னொரு விஷயம். சேலைத் துணி மெல்லிசு. இவர்கள் க்வில்ட்டிங் காட்டன் என்று சொல்வது அங்குலத்துக்கு அறுபது இழைக்குக் குறையாத, கொஞ்சம் தடித்த நூல் துணி என்று மகள் எடுத்துக் காட்டினாள். தடித்ததும் மெல்லிசும் ஒரே தையலில் சேர்ந்தால் இழுவை மெல்லிசின் மேல்தான் விழும். கிழிவது அங்கேதான்.

பூங்கோதை_ரொறன்ரோ
தறிச்சத்தம் ஐயா சொன்னது எல்லாம் சரி, எனக்கு அதில பிரச்சினை இல்லை. ஆனா நான் வேறொரு விசயம் சொல்லோணும்.

நான் இஞ்ச கில்டில ஆறு வருசமா இருக்கிறன். "மாடர்ன்" எண்டு இவையள் சொல்லுறது என்ன? வெறும் நிறத் துணி, நிறைய வெறுமையான இடம், அளவுகோல் இல்லாமல் மனம்போன போக்கில வெட்டித் தைக்கிறது. இது எல்லாம் 2009 இல லொஸ் ஏஞ்சலசில மாடர்ன் கில்டு தொடங்கினபிறகு வந்த புதினமோ? அலபாமாவில ஜீஸ் பெண்ட் எண்டு ஆத்து வளைவுக்குள்ள ஒரு ஊர். அடிமைகளா இருந்த சனத்தின்ர பேரப்பிள்ளையள். அந்தப் பெண்டுகள் கிழிஞ்ச காற்சட்டை, மா வந்த சாக்கு, வயலுக்குப் போட்ட உடுப்பு எல்லாத்தையும் வெட்டித் தைச்ச குயில்ற்றுகளை 2002 இல ஹூஸ்ரன் மியூசியத்திலயும் பிறகு நியூயோர்க் விற்னி மியூசியத்திலயும் தூக்கி மாட்டினாங்கள். 2006 இல அதுகளின்ர படம் போட்டுத் தபால் முத்திரை கூட அடிச்சாங்கள். அதுகள் எல்லாம் "குயில்ற்றிங் கொட்டன்" இல்லையே? மியூசியச் சுவரில இருந்தாப் பழைய துணி கலை, தங்கச்சி கொண்டுபோனாக் கழிவோ?

எனக்கும் முதல் வருசம் ஒருத்தி "உங்கட ஊர்ல இதுகள் இருக்கோ" எண்டு கேட்டவ. அம்மம்மா பழைய சீலையை நாலா மடிச்சு ஓட்டுத்தையல் போட்டுப் பிள்ளைக்கு விரிச்சது ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல எனக்கு இங்கிலீசு வரேல்லை அப்ப.

கொங்குத்தையல்
பூங்கோதை அக்கா, கோபம் நியாயம்தானுங்க. ஆனா ஜீஸ் பெண்டை இங்க கொண்டு வந்து வெக்கறது பொருந்துமான்னு எனக்குச் சந்தேகம். அவங்க தைச்சது அவங்க வீட்டுக் கட்டிலுக்கு, குளிருக்கு. வெளியாளுக்குத் தைச்சுக் கொடுத்தப்போ அவங்களுக்கும் விதி வந்துச்சு. 1966-ல ஃப்ரீடம் க்வில்ட்டிங் பீ-ன்னு கூட்டுறவு ஆரம்பிச்சாங்க. 1972-ல சியர்ஸ் கம்பெனி கார்டுராய் (வரிவரியா இருக்கற தடிச்ச துணி) தலையணை உறைக்கு ஆர்டர் கொடுத்துச்சு. கம்பெனி சொன்ன அளவு, கம்பெனி சொன்ன துணி. ஆனா அதுல மிஞ்சின கார்டுராய்த் துண்டு வீட்டுக்குப் போச்சு பாருங்க, அதுலதான் அந்த ஊரோட அருமையான க்வில்ட்டுக சிலது வந்துச்சு. ஒரே கை, ரெண்டு வேலை. ஆஸ்பத்திரிக்கு ஒரு துணி, நமக்குன்னு ஒரு துணின்னு பிரிச்சுக்கறதுல அவமானம் ஒண்ணும் இல்லீங்க.

நம்ம பக்கத்துலயே பாருங்க. வட கன்னட மாவட்டத்துல ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி சமூகப் பெண்கள் கவந்தின்னு ஒட்டுப் போர்வை தைக்கிறாங்க. பழைய துணியை ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு, சுத்திச் சுத்தி நடுவுக்கு வர்ற மாதிரி ஓட்டுத்தையல். நாலு மூலையிலயும் மடிச்ச துணியில ஒரு பூ. அந்தப் பூ இல்லாட்டி கவந்திக்கு உடுத்தத் துணியில்லாத மாதிரின்னு சொல்வாங்களாம். எங்க கில்டுல போன வருஷம் இதுக்கு ஒரு பயிற்சி வெச்சோம். பதினெட்டுப் பேர் வந்தாங்க. சேலைத் துணி நான் கொண்டு போனேன். யாரும் வேண்டாங்கல, அடிச்சுப் புடிச்சு எடுத்தாங்க.

பூங்கோதை_ரொறன்ரோ
உண்மைதான். சியர்ஸ் கதை எனக்குத் தெரியாது. ஆனா நாலு பேருக்கு முன்னால திருப்பிக் குடுத்தது பிழை. அதில நான் மாறமாட்டன்.

கொங்குத்தையல்
அதுல எனக்கும் மாத்துக் கருத்து இல்லீங்க அக்கா.

அமுதா_தைக்கிறாள்
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். பூங்கோதை அக்கா சொன்ன அம்மம்மா விரிப்பு... எங்கள் வீட்டில் அதைக் கந்தல் மெத்தை என்போம். மேலே கிழியக் கிழிய இன்னொரு சேலையை வைத்துத் தைப்பார்கள். கடைசியில் உள்ளே எத்தனை சேலை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. என் தங்கை தூளியிலிருந்து இறங்கினதும் அதில்தான் படுத்தாள். அம்மா போனபிறகு வீட்டைக் காலி செய்தபோது தூக்கிப் போட்டுவிட்டோம். இப்போது வயிறு எரிகிறது.

சும்மா_ஒருத்தன்
மறுபடி நான்தான். கிண்டலை விட்டுட்டு நிஜமாவே கேக்குறேன். இதுல அப்படி என்னதான் நடக்குது? என் வீட்டம்மா மாசத்துல ஒரு சனிக்கிழமை காலையில ஒன்பது மணிக்குப் போனா சாயங்காலம் அஞ்சுக்கு வர்றா. கேட்டா, "தையலைப் பிரிச்சுக்கிட்டிருந்தேன்"ங்கிறா. எட்டு மணி நேரமாவா?

கொங்குத்தையல்
ஆமாங்க, எட்டு மணி நேரமும் பிரிப்போம். துணி ஓரத்துல இருந்து கால் அங்குலம் விட்டுத் தைக்கற கால் அங்குலத் தையல்னு ஒண்ணு இருக்கு. அதுல ஒரு நூலிழை பிசகினாலும் விடாது. ஒவ்வொரு துண்டுலயும் பதினாறுல ஒரு பங்கு அங்குலம் கூடுதலாப் புடிச்சீங்கன்னா, ரெண்டு துண்டுக்குமா ஒரு தையலுக்கு எட்டுல ஒரு பங்கு போயிடும். நாலு தையல் தாண்டினா அரை அங்குலத்தைக் காணோம். நட்சத்திரத்தோட மூக்கு மழுங்கிப் போயிரும். அதனால பிரிக்கிறதுதான் பாதி வேலை.

காலையில மெஷினை மாட்டறதுக்கே சண்டை நடக்கும். எக்ஸ்டென்ஷன் வயர் ஒண்ணு, இஸ்திரிப் பெட்டி மூணு. மூணையும் ஒரே பிளக்குல குத்தினா ஹால் முழுக்க கரண்டு போயிரும். ஒவ்வொரு தடவையும் போகும், ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் புதுசா அதிசயப்படுவார். ரெண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, பின்துணி, பேட்டிங் (நடுவுல வெக்கற பஞ்சு அடுக்கு), மேல்துணி மூணையும் அடுக்கி, நாலு பேர் நாலு மூலையில நின்னு இழுத்து, சேஃப்டி பின் குத்துவோம். தனியா வீட்டுத் தரையில முட்டி போட்டுச் செஞ்சா முதுகு போயிரும். நாலு பேர் நின்னா இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துக்காகவே கில்டுல இருக்கறவங்க உண்டு.

மத்தியானம் ஆளுக்கு ஒண்ணு சமைச்சுட்டு வருவோம். என் எலுமிச்சை சாதம் அங்க பேர் போனதுங்க. அப்புறம் துண்டுத்துணிப் பெட்டி. அவங்கவங்க மிச்சத்தைக் கொட்டுவாங்க, வேணுங்கறவங்க அள்ளிக்கலாம். போறப்ப பெட்டி காலியாகணும்னுதான் சட்டம், எல்லாரும் கொண்டு வந்ததைவிடக் கூடுதலாத்தான் தூக்கிட்டுப் போவாங்க.

கூட்ட நாள்ல முடிச்சதை எழுந்து நின்னு காட்டணும். ரெண்டு பேர் மூலையைப் புடிச்சுத் தூக்குவாங்க, தைச்சவங்க பின்னாடி மறைஞ்சு நின்னு பேசுவாங்க. முகம் தெரியாது, கால் மட்டும் தெரியும். மொத வருஷம் எனக்கு அது பெரிய உதவி. போன குளிர்காலத்துல ஒரு அம்மா தன் வீட்டுக்காரரோட சட்டைகளை வெட்டித் தைச்ச க்வில்ட்டைக் காட்டினாங்க. அவர் தவறி ஒரு வருஷம். பாதியிலயே பின்னாடி இருந்து குரல் நின்னுபோச்சு. மூலையைப் புடிச்சுட்டு இருந்த ரெண்டு பேரும் கையை இறக்கல. நல்ல கனமான க்வில்ட்டுங்க அது. அவங்களாப் பேச ஆரம்பிக்கிற வரைக்கும் அப்படியே தூக்கிப் புடிச்சிருந்தாங்க.

வருஷத்துக்கு ஒருக்கா க்வில்ட்கான்ங்கற மாடர்ன் க்வில்ட் கண்காட்சிக்குப் போகணும்னு உண்டியல் வெப்போம். 2013-ல ஆஸ்டின்ல மொதல்ல நடந்தப்போ போனவங்க ரெண்டு பேர் எங்ககிட்ட இருக்காங்க, இன்னும் அதே கதையைத்தான் சொல்றாங்க.

சும்மா_ஒருத்தன்
புரிஞ்சுது. அந்தச் சட்டை க்வில்ட்டை வீட்டம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவ ஒண்ணும் சொல்லல, என் அலமாரியைத் திறந்து பாத்துட்டுப் போறா. கொஞ்சம் பயமா இருக்கு.

தறிச்சத்தம்
வைகைக்கரை அம்மா சோதித்தார்களா என்று தெரியவில்லையே?

வைகைக்கரை
மூன்று வாரம் கழித்து வருகிறேன், எல்லாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐயா, சோதித்தேன். இரண்டாம் நாளே செய்துவிட்டேன், சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. சுருட்டின வெள்ளைத் துணியைப் பிரித்தால் ஒரு பக்கம் முழுக்க மெரூன் கறை. புள்ளிகள்கூட அச்சாக இறங்கியிருந்தன. முப்பது வருஷம் கசக்கியும் போகாததை அரை மணி நேரச் சுடுதண்ணீர் கிளப்பிவிட்டது. அப்படியே அந்தக் க்வில்ட்டில் சேர்த்திருந்தால் எல்லார் பிளாக்கும் நாசமாகியிருக்கும்.

கறைபட்ட வெள்ளைத் துணியையும் என் பிளாக்கையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை போனேன். பொறுப்பு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் சொன்னது சரிதான், ஆனால் காரணத்தைச் சொல்லியிருந்தால் நான் வீட்டுக்கு அழுதுகொண்டு போயிருக்க மாட்டேன் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. அடுத்த மாசத்திலிருந்து விதியையும் காரணத்தையும் தாளில் எழுதிப் பிளாக் கேட்கும்போதே கொடுப்பதாகச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை, ஆனால் மத்தியானம் என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தான் சேர்ந்த முதல் வருஷம் பாலியஸ்டரில் தைத்துக் கொண்டுவந்த கதையைச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு வேறு பிளாக் தைத்துக் கொடுத்துவிட்டேன், எல்லாம் துண்டுத்துணிப் பெட்டியில் பொறுக்கியது. சுங்குடி நட்சத்திரம் எங்கே போயிற்று என்றால், கில்டுக்குள் சின்னச் சுவர் க்வில்ட் மாற்றிக்கொள்வது ஒன்று நடக்கிறது. பெயர் தெரியாமல் ஒருவருக்கு ஒருவர் தைத்துக் கொடுக்க வேண்டும். சுவரில் தொங்குவதைத் துவைக்கப் போவதில்லையே. அதற்கு வைத்துவிட்டேன். ஐயா சொன்னபடி மெல்லிசுத் துணிக்கு அடியில் இன்னொரு வெள்ளைப் பருத்தியை வைத்துத் தைத்தேன், தையலில் இழுக்கவில்லை. ஓரத்துக்குச் சேலையின் கரையையே பைண்டிங்காகப் போட்டேன்.

எழுபது வயதுப் பாட்டி ஒருவர் அந்தப் புள்ளிகளையே தடவிக்கொண்டிருந்தார். இதை அச்சடித்தார்களா என்று கேட்டார். இல்லை, ஒவ்வொரு புள்ளிக்கும் துணியைக் கிள்ளி நூலால் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள், கட்டின இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி என்றேன். அவர் புள்ளிகளை எண்ண ஆரம்பித்தார். அறுபதோ எழுபதோ வந்ததும் விட்டுவிட்டு, "கட்டினவளுக்கு எத்தனை வயசு இருக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

தறிச்சத்தம்
சந்தோஷம் அம்மா. சாயம் போனதற்கு வருத்தப்பட வேண்டாம். 1950, 60களில் அமெரிக்காவில் நம்ம மெட்ராஸ் கட்டம் போட்ட துணியைச் சாயம் போகும் என்று உத்தரவாதம் கொடுத்தே விளம்பரம் செய்து விற்றிருக்கிறார்கள். துவைக்கத் துவைக்கக் கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி மங்குவதுதான் அழகு என்று அங்கே வாங்கி மாட்டிக்கொண்டார்கள். எங்கள் பட்டறையில் அப்படி ஒரு லாட் போயிருந்தால் முதலாளி என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பார்.

பூங்கோதை_ரொறன்ரோ
தங்கச்சி, முகத்துக்கு நேரே கேட்டாய் பார், அதுதான். படம் போடு, கரை வைச்ச பைண்டிங் பாக்கோணும்.

அமுதா_தைக்கிறாள்
கரையை நேராகவா மடித்தீர்கள், குறுக்கு வெட்டிலா? ஜரிகை இல்லாத கரைதானே?

வைகைக்கரை
நேராகத்தான். ஜரிகை இல்லை, வெறும் நூல்கரை. மூலையில் மட்டும் தடித்துவிட்டது, மரக்கட்டையால் தட்டி அமுக்கினேன். படம் ராத்திரி போடுகிறேன்.

சும்மா_ஒருத்தன்
கட்டம் போட்ட துணின்னு ஐயா சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. என்கிட்ட பழைய லுங்கி ஒரு பதினஞ்சு இருக்கு. எல்லாம் பருத்தி. உக்கார்ற இடத்துல மட்டும் நைஞ்சிருக்கும். வீட்டம்மா கண்ணுல படுறதுக்கு முன்னாடி நானா யாருக்காவது கொடுத்தா கௌரவமா இருக்கும்னு பாக்குறேன். எடுப்பீங்களா?

கொங்குத்தையல்
சுடுதண்ணியில ரெண்டு தடவை துவைச்சு, நைஞ்ச இடத்தை வெட்டிட்டு அனுப்புங்க. முகவரி தனிச்செய்தியில தர்றேனுங்க.